ராக்கெட்டும் கைராசியும்

பல் மருத்துவமனை வாசல் பலகையில் அவர் பெயர்தான் மேலே இருந்தது. எழுத்தும் ஒரு சுற்று பெரிது. ஆனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் பலகையையா படிக்கிறான்? உள்ளே நுழைந்ததும், "பெரிய டாக்டர் இருக்காங்களா?" என்றுதான் கேட்பான். பெரிய டாக்டர் என்றால் அவருடைய மனைவி. பலகையில் மேலே இருப்பவர் சின்ன டாக்டர். கல்லூரியில் மனைவிக்கு ஒரு வருடம் முன்னால் படித்து, வயது ஐம்பதைத் தாண்டி, தலையில் முன்பக்கம் முழுக்கக் காலியான பிறகும் சின்ன டாக்டர்தான். எல்லாம் கைராசி. பெரிய டாக்டர் ஒரு சொத்தைப் பல்லை அடைத்தால் அடைத்த இடம் எதுவென்று பல்லுக்கு உரியவருக்கே தெரியாது. சின்ன டாக்டர் அடைத்தாலும் கெட்டியாகத்தான் இருக்கும். என்ன, நாக்குக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே மனிதர் வானத்தைப் பிடித்துக்கொண்டார்.

பொழுதுபோக்குக்கு ராக்கெட் விடுகிறவர்களுக்கென்று அந்த ஊரில் ஒரு மன்றம் இருந்தது. ஊருக்கு வெளியே, யாரும் சீந்தாமல் கிடந்த பழைய விமான ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, ஆளுயரக் குழாய்களை மேலே அனுப்பி, அண்ணாந்து பார்த்து, கழுத்து வலியோடு வீடு திரும்புகிற மன்றம். உறுப்பினர்களில் பாதிப் பேர் பதவியில் இருந்தார்கள். மீதிப் பேர் பதவிக்குக் காத்திருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் மேலே தலைவர். சிமெண்ட் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான், வாய் இன்னும் பணியில் நீடித்தது. ஒவ்வொரு ராக்கெட்டும் கிளம்புவதற்கு முன் அவர் மைக்கைப் பிடித்து மனித குலத்தின் விண்வெளிக் கனவைப் பற்றிப் பேசுவார். ராக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைவிட அந்தக் கனவு நீளம்.

அந்த மன்றத்தில்தான் சின்ன டாக்டரின் மானம் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவர் விட்ட ராக்கெட்டுகள் இரண்டு முறை பாராசூட் விரியாமல் வந்து மண்ணில் செருகியிருந்தன. முதல் முறை சுவிட்சைப் போட மறந்துவிட்டார். அடுத்த முறை சுவிட்சை மறக்கவில்லை. ஆனால் ஒரு ஒயரைத் திருகாணியில் இறுக்கிப் பிடிக்க வைக்கவில்லை. கிளம்பின குலுக்கலில் அது கழன்றுகொண்டது. ராக்கெட் கடப்பாரை மாதிரி இறங்கி, தலைவருடைய புதுக் காருக்கு ஒரு முழம் தள்ளி நட்டுக்கொண்டு நின்றது. செயற்குழு அவசரமாகக் கூடியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் சின்ன டாக்டர் இனி ஆயுளுக்கும் ராக்கெட் விடக் கூடாது என்று தீர்மானம். பார்வையாளராக வரலாம், தடையில்லை. வரும்போது எல்லாருக்கும் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தால் மன்றம் நன்றியுடன் ஏற்றுக்கொள்ளும்.

மருத்துவமனையில் சின்ன டாக்டர், மன்றத்தில் டீ டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை, காலை நோயாளிகள் போய் மாலை நோயாளிகள் வரும் வரைக்கும் கிடைத்த இடைவெளியில், சின்ன டாக்டர் தன் புது ராக்கெட்டைக் கொண்டுவந்து பல் பிடுங்கும் நாற்காலியில் படுக்க வைத்தார். மெல்லிய கண்ணாடியிழைக் குழாய், தந்த நிறப் பெயிண்ட். பெடலை மிதித்து நாற்காலியைச் சாய்த்தார். விளக்கை இழுத்து நேராகப் பிடித்தார். பழக்க தோஷம், "கொஞ்சம் பெருசாத் திறங்க" என்றும் சொல்லிவிட்டார். நல்லவேளை, யாரும் இல்லை.

ராக்கெட்டின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு அறை. மூளை அங்கேதான். இரண்டு பட்டாம்பூச்சி நட்டுகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும்; உள்ளேயிருந்து ஒரு மெல்லிய பலகையை அலமாரித் தட்டு போல உருவி எடுக்கலாம். பலகையின் ஒரு பக்கத்தில் சதுர பேட்டரி. மறுபக்கத்தில் நகம் அகலத்துக்குப் பச்சை நிறச் சில்லு. உயரம் அறிகிற கருவி அதுதான். அதிலிருந்து இரண்டு ஜோடி ஒயர்கள் கிளம்பின. ராக்கெட் உச்சிக்குப் போய்த் தயங்கி நிற்கிற அந்த நொடியில் முதல் ஜோடியில் மின்சாரம் பாய்ந்து, துளி வெடிமருந்து வெடித்து, கைக்குட்டை அளவுப் பாராசூட் வெளியே வரவேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கி, தரையை நெருங்கும்போது இரண்டாம் ஜோடி வெடித்து, பெரிய பாராசூட் விரியவேண்டும். ஜோடிகள் இடம் மாறினால் பெரிய பாராசூட் உச்சியிலேயே விரிந்து, ராக்கெட் காற்றோடு அடுத்த ஊருக்குக் குடிபோய்விடும். மாறாமல் இருக்க மன்றத்தில் ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சின்ன டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், ஒன்றில் 'மேல்தாடை', மற்றதில் 'கீழ்த்தாடை' என்று சீட்டு ஒட்டியிருந்தார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒயர் நுனியைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் பற்றவைத்தார். கிளம்பின புகையை எச்சில் உறிஞ்சும் குழாய் உறிஞ்சிக்கொண்டது. ஒவ்வொரு ஒயரையும் திருகாணிக்கடியில் விட்டு இறுக்கி, இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். பல் ஆடுகிறதா என்று பார்க்கிற அதே ஆட்டம்தான். ஒன்றும் ஆடவில்லை. ஒயர்கள் பலகையில் உரசிக் கொள்ளாமல், பல்லுக்குக் கம்பி கட்டுகிற நூல்கம்பியால் கட்டிப்போட்டார். கட்டி முடித்ததும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. உள்ளே போய்விட்டால் யாரும் பார்க்க முடியாது என்பதுதான் ஒரே குறை. அவர் தொழிலே அப்படி அமைந்துவிட்டது.

அப்புறம் சோதனை. அந்த அறையைச் சுற்றிலும் குண்டூசித் தலை அளவுக்கு மூன்று துளைகள் போட்டிருந்தார். உயரே போகப் போகக் காற்று மெலியும். மெலிவது இந்தத் துளைகள் வழியாகத்தான் கருவிக்குத் தெரியும். ராக்கெட்டுக்கு மூக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்துக்குப் பதில் இரண்டு குட்டி பல்புகளை மாட்டி, இரண்டு துளைகளை விரலால் பொத்தி, மூன்றாவதில் எச்சில் குழாயை வைத்து உறிஞ்சவிட்டார். உறிஞ்ச உறிஞ்ச, கருவி தான் மேலே மேலே போவதாக நம்பியது. குழாயைத் தளர்த்தினார். உச்சி வந்துவிட்டது என்று மேல்தாடை பல்பு மின்னியது. இன்னும் கொஞ்சம் காற்றை விட்டார். கீழ்த்தாடை மின்னியது.

"பேஷ்!" என்று சின்ன டாக்டர் நாற்காலியைத் தட்டிக்கொடுத்தார்.

பல்புகளைக் கழற்றி, எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடி, ராக்கெட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, புது பேட்டரி வாங்கவும் அப்படியே செயற்குழு ஆட்கள் கண்ணில் பட்டுவிட்டு வரவும் கிளம்பினார். திரும்பி வரும்போது பெரிய டாக்டர் மாலை நோயாளிகளை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். ராக்கெட் சுவரோரம் சாய்ந்திருந்தது. மனைவியின் முகத்தில் ஒரு திருப்தி. கடினமான கடைவாய்ப் பல் ஒன்றை ஜெயித்த நாளில் வருகிற திருப்தி அது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றார் பெரிய டாக்டர்.

"நீயா? வெயில்ல நிக்கணும். தலைவர் பேசுவார்."

"பரவாயில்ல. உங்க ராக்கெட்ட நாலு பேர் பாக்கும்போது நானும் பக்கத்துல நிக்கணும்ல."

சின்ன டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருடமாக மனைவி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, "இது எப்படிங்க வேலை செய்யுது?" என்று தெரியாத்தனமாகக் கேட்டார். சின்ன டாக்டர் பூமியைச் சுற்றிக் காற்றுமண்டலம் உருவான கதையிலிருந்து ஆரம்பித்தார். காற்று உருவாகி முடிவதற்குள் மனைவி தூங்கிப்போயிருந்தார்.

மறுநாள் ஓடுதளத்தில் நல்ல வெளிச்சம், கொஞ்சம்தான் காற்று. சின்ன டாக்டர் மடக்கு மேசையில் ராக்கெட்டைக் கிடத்தி, புது பேட்டரியை மாட்டி, மருந்து ஒயர்களைத் தாடை பார்த்துச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து மூடினார். தூக்கிக்கொண்டு போய் நடுத் திடலில் இருந்த இரும்புக் கம்பியில் நிறுத்தி, வெளியிலிருந்து சுவிட்சைத் திருகினார். இந்த முறை மறக்கவில்லை. மறக்காமல் இருக்க மணிக்கட்டில் மையால் எழுதியே வைத்திருந்தார். கருவி உள்ளேயிருந்து கீச் கீச் கீச் என்றது. இரண்டு தாடையும் சரி என்று அதன் பாஷை.

"நல்லாத்தான் கத்துது" என்றார் மன்றத்துச் செயலாளர். இரும்புக் கடைக்காரர், எதையும் எடை போட்டே பேசுகிறவர். "இறங்கும்போதும் இப்படியே இருந்தாச் சரி."

எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். தலைவர் மைக்கை ஊதிப் பார்த்தார். "ஆதி மனிதன் அண்ணாந்து பார்த்தபோது..." என்று தொடங்கினார்.

ஆதி மனிதன் குகையை விட்டு வெளியே வருவதற்குள் பெரிய டாக்டர் கணவரின் முழங்கையைச் சுரண்டினார்.

"என்னங்க, கவனிச்சீங்களா?"

"எதை?"

"கவனிக்கல. அப்படின்னா நான் பாஸ்." பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து ஒரு பேஷண்ட் வரல. சும்மாதான் இருந்தேன். நாற்காலில உங்க ராக்கெட். பாத்தா, பாவம், அங்கங்க ஓட்டை."

சின்ன டாக்டர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"எந்த ஓட்டை?"

"நடுவுல, சுத்தி மூணு. நீங்க எங்கயோ இடிச்சிருப்பீங்க, சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். பெயிண்டுக்கு ஷேடு பாத்து, அடைச்சு, இறுகுறதுக்கு நீல லைட் காட்டி, பாலிஷ் பண்ணிட்டேன். தடவிப் பாருங்க, தெரியவே தெரியாது."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய டாக்டருக்குத் துளை என்று ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அவர்கள் வீட்டுச் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்றுகூடக் கிடையாது; எல்லாம் பல் மருந்தால் அடைபட்டுப் பளபளத்தன. பூந்தொட்டியின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்து ஒரு ரோஜாச் செடியை மூழ்கடித்திருக்கிறார். சமையலறைச் சல்லடை இதுவரை தப்பியது அதன் அதிர்ஷ்டம். இதெல்லாம் தெரிந்த மனிதர் துளை போட்ட ராக்கெட்டை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார் என்றால் தப்பு யார் மேல்?

சின்ன டாக்டருக்கு அது அந்த நொடியிலேயே புரிந்தது. மூக்கு அடைபட்ட ராக்கெட் எவ்வளவு உயரம் போனாலும் தரையிலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். எந்தத் தாடையும் திறக்காது. கடப்பாரைதான். அப்புறம் பிளாஸ்க்.

"ஏம்மா..." என்றார். "அது மூக்கும்மா."

"எது?"

"நீ அடைச்சது."

பெரிய டாக்டரின் முகம் மாறியது. "ஐயையோ. ஓடுங்க!"

மன்ற வரலாற்றில் யாரும் செய்யாததைச் சின்ன டாக்டர் அன்றைக்குச் செய்தார். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே கை நீட்டி, "நிறுத்துங்க!" என்று கத்தினார்.

தலைவர் ஆதி மனிதனை நடுவழியில் விட்டுவிட்டு மைக்கைக் கீழே இறக்கினார்.

"என்னையா?"

"ராக்கெட்டை, தலைவரே! ஆனா நீங்களும் கொஞ்சம்..."

"டாக்டர், நான் இன்னும் நெருப்புக் காலத்துக்கே வரல."

"அதான் தலைவரே எங்களக் காப்பாத்திச்சு. சத்தியமா சொல்றேன். நீங்க மட்டும் சுருக்கமாப் பேசுற ஆளா இருந்தீங்கன்னா இந்நேரம் என் ராக்கெட் மண்ணுக்குள்ள."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தலைவர் யோசித்தார். அவருக்கு வந்த எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வது பழக்கம் என்பதால் தலையசைத்தார். அவர் பேச்சால் ஒரு பொருள் சேதமாகாமல் தப்பியது அதுவே முதல் தடவை.

கிளப்பும் ஒயரைக் கழற்றினார்கள். சின்ன டாக்டர் சுவிட்சை அணைத்து, ராக்கெட்டை மேசைக்குக் கொண்டுவந்து, மருந்து ஒயர்களைப் பிரித்து, பலகையை உருவிப் பத்திரமாகத் தள்ளி வைத்தார். வெறும் குழாய் மட்டும் மிச்சம். துளைகளைத் தேடினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தேடினார். விரலால் தடவினார். குழாய் ஒரே வழவழப்பாக இருந்தது. செயலாளர் தடவினார். தலைவர் பதவிக்குரிய நிதானத்தோடு தடவினார். உறுப்பினர்கள் வரிசையாக வந்து தடவினார்கள். பூனைக்குட்டிக்குக்கூட அவ்வளவு தடவல் கிடைத்திருக்காது.

"துளை போட்டது நிஜந்தானே, டாக்டர்?" என்றார் செயலாளர்.

"மூணு போட்டேங்க!"

பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதறின முகத்தில் இப்போது வேறு ஒன்று எட்டிப் பார்த்தது.

"கண்டுபிடிக்க முடியலையா?"

"முடியல."

"அவங்களுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

சின்ன டாக்டர் சுற்றிலும் பார்த்தார். மன்றம் மொத்தமும் நின்றது. "எங்க அடைச்சிருக்கான்னு இந்தத் திடல்ல ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல!" என்று தலைவரின் மைக் இல்லாமலேயே மைக் அளவுக்குச் சொன்னார். பிறகு மெதுவாக, "முப்பது வருஷமா நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

பெரிய டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் திறந்தார். அதில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பல் குத்திப் பார்க்கிற கொக்கி ஒன்று எப்போதும் இருக்கும். குழாயைக் காதருகே பிடித்து, கொக்கி நுனியால் மெல்ல இழுத்தார். பெயிண்டின் மேல் ஒரு சத்தம்; ஓரிடத்தில் அது மாறியது. "இங்க." திருப்பினார், இழுத்தார். "இங்க. அப்புறம் இது."

செயலாளர் தன் பெட்டியிலிருந்து கையால் திருகுகிற சின்ன டிரில்லை எடுத்து நீட்டினார். பெரிய டாக்டர் அதை வாங்கி, அடைத்த இடத்தில் முனையை வைத்தார்; உடனே எடுத்துவிட்டார்.

"என்ன?" என்றார் சின்ன டாக்டர்.

"நான் அடைச்சத நானே நோண்டினதில்லைங்க."

"நான் பண்ணட்டா?"

"உங்க கையிலயா? வேண்டாம், குடுங்க." ஏற்கனவே தன் கையில் இருந்ததை மறந்து கேட்டுவிட்டு, குனிந்தார். மூன்று துளைகளும் பழைய இடத்தில், பழைய அளவில், பழையதைவிட வட்டமாக வந்தன. தூளை ஊதித் துடைத்தார். "ஓட்டை போட்டா எதுக்குன்னு சொல்லிட்டுப் போடணும். மூக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கிறேன்?"

"சொன்னேனே. நீ தூங்கிட்ட."

"நீங்க மூக்குலேர்ந்து ஆரம்பிச்சிருக்கணும். பூமி பொறந்ததுலேர்ந்து ஆரம்பிச்சா?"

தலைவர் இதை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத விஷயம் என்கிற முகபாவம்.

இனி ஒயர்கள். மருத்துவமனையில் தனியாக, சாய்வு நாற்காலியும் விளக்குமாகச் செய்த வேலையை இப்போது வெட்டவெளியில், தோளுக்கு மேல் தலைகள் எட்டிப் பார்க்க மறுபடி செய்யவேண்டும். பலகையைத் தள்ளியதும் நான்கு ஒயர் நுனிகளும் ஒன்றாகக் குழம்பின.

பெரிய டாக்டர் எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நாற்காலிக்கு இருபுறமும் இருவரும் நிற்கிற அதே நிலை. கை நீட்டி ஒரு ஜோடியைப் பிரித்துப் பிடித்தார்.

"மேல்தாடை" என்றார்.

"குடு."

திருகாணி இறுகியது. ஆட்டிப் பார்த்தார். "ஆடல."

"கீழ்த்தாடை."

"குடு. ...ஆடல."

"கடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் மூடியைப் போட்டு நட்டுகளை இறுக்கினார்.

மறுபடி கம்பியில் நிறுத்தினார். சுவிட்ச். கீச் கீச் கீச். தலைவர் மைக்கை எடுத்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். என்ன தோன்றியதோ, "சரி, விடுங்க" என்று மட்டும் சொன்னார். மன்றத்தில் அதைவிடச் சுருக்கமான உரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சின்ன டாக்டர் பொத்தானை அமுக்கினார். சீறிக்கொண்டு கிளம்பியது. வெள்ளைக் கோடு ஒன்று மேலே நீண்டு, மெலிந்து, நின்றது. அந்த இடத்தில் சின்ன டாக்டர் மூச்சை விடவில்லை. மேலேயிருந்து மெல்லிய ஒரு 'டப்'. கைக்குட்டை வெளியே வந்தது.

"மேல்தாடை!" என்று கத்தியது பெரிய டாக்டர்.

ராக்கெட் இரண்டாகப் பிரிந்து, இடையில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு, விழுகிற மாதிரி வேகமாக இறங்கியது. தலைவர் ஓரக்கண்ணால் தன் காரைப் பார்த்துக்கொண்டார். இறங்கியது, இறங்கியது, போதும் என்று எல்லாருக்கும் தோன்றிய பிறகும் இறங்கியது. இன்னொரு 'டப்'. ஆரஞ்சு நிறத்தில் பெரிய பாராசூட் பூத்து, ராக்கெட் ஊஞ்சலாடி, ஓடுதளத்துப் புல்லின் மேல் அலுங்காமல் உட்கார்ந்தது.

செயலாளர் கைதட்டினார். எடை போடாமல் தட்டினார்.

ஓடிப்போய் எடுத்தார்கள். கருவி தான் போன உயரத்தைக் கீச்சுக் கீச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டர் எண்ணினார். ஒரு கிலோமீட்டர் போகும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கருவி அதில் பாதியைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

"எவ்வளவு, டாக்டர்?" என்றார் தலைவர், மைக்கோடு.

"நானூத்திச் சொச்சம் மீட்டர்."

"ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்!" என்று தலைவர் திடலுக்கு அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. கருவி மட்டும் தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டர் சுவிட்சை அணைத்தார். அடுத்த மாதம் விடுகிறவர்கள் வரிசையில் அவர் பெயரைச் செயலாளர் அங்கேயே வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்தார். டீயை வேறு யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். அப்படி ருசியான டீயை அவர் குடித்ததேயில்லை.

வீடு திரும்பும்போது ராக்கெட் பின்சீட்டில் படுத்திருந்தது. சின்ன டாக்டர் வண்டியை ஓட்டினார். பெரிய டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா வெளியே பார்ப்பதும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதுமாக இருந்தார். விரல்கள் மடியில் தாளம் போட்டன.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

சிக்னலில் வண்டி நின்றதும் சின்ன டாக்டர் கையைப் பின்னால் விட்டு, துளை தெரியாதபடி ராக்கெட்டைக் கொஞ்சம் உருட்டி வைத்தார். அடுத்த துளை மேலே வந்தது. இன்னும் கொஞ்சம் உருட்டினார். மூன்றாவது வந்தது. சுற்றிலும் சம இடைவெளியில்தானே போட்டிருந்தார். எப்படித் திருப்பினாலும் ஒன்று பெரிய டாக்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ண மட்டும்..." என்றார் பெரிய டாக்டர்.

"கூடாது."

"மிச்சம் ரெண்டு மூக்கு இருக்குல்ல. நமக்கே ரெண்டு ஓட்டைதான்."

விளக்கு பச்சையானது. சின்ன டாக்டர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். பெரிய டாக்டர் எக்கி, ராக்கெட்டின் மேல் அதைப் போர்த்திவிட்டு, நிம்மதியாக முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.